பறக்கிற குதிரை நாடகம்

"கோடி கோடியாக் கொட்டி எடுத்தாங்களாம். ஒரு குதிரைக்கு ஒழுங்கா எறக்கை ஒட்டத் தெரியல."

நாடகம் முடிந்து எழுத்துகூட இன்னும் ஓடி முடியவில்லை. அதற்குள் நல்லமுத்து வாசலைத் தாண்டி ஆரம்பித்துவிட்டான்.

உள்ளே டிவிக்குப் பக்கத்தில் நின்ற சின்னராசாவுக்குச் சுருக்கென்றது. அவருடைய டிவி அல்லவா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொட்டகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் கரண்ட் கிடையாது. சின்னராசா வீட்டில் மட்டும் கார் பேட்டரியில் ஒரு டிவி ஓடியது. ஞாயிறு காலையில் பறக்கிற குதிரை நாடகம் தொடங்கினால் லயமே அவர் வீட்டுக்குள் இருக்கும். பேசுவதெல்லாம் சிங்களம்தான். ஆனால் அழுவதற்கு யாருக்கும் பாஷை தேவைப்படவில்லை. இன்று வீட்டுக்கு வீடு டிஷ் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நம் மடியில் தூங்கிப்போகும் அந்தச் சுகம் மட்டும் திரும்பி வரவேயில்லை.

அன்றைக்கு இருந்த ஒரே தொல்லை அன்டனா. மேட்டில் நட்ட கம்பை யாராவது திருப்பிப் பிடித்தபடியே நிற்க வேண்டும். கையை எடுத்தால் இளவரசியும் அரக்கனும் புள்ளி புள்ளியாகிவிடுவார்கள்.

அதற்குப் பழனியாண்டி இருந்தான். முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். "பழனி பிடிச்சாத்தான் படம் நிக்கும்" என்று அவனை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, எல்லோரும் உள்ளே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். சின்னராசாவும்தான்.

"அரக்கன் மலையத் தூக்குறான், மூச்சுகூட வாங்கல," மேட்டுப் பக்கமாக நடந்தபடியே நல்லமுத்து தொடர்ந்தான். "கொழுந்துக் கூடையோட நம்ம பொம்பளைங்க ஏறி வர்றத ஒருநா பாத்தான்னா தெரியும்."

பழனியாண்டி கம்பில் சாய்ந்து சிரித்தான்.

வாரா வாரம் இதே கதைதான். சின்னராசா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஆனால் இளவரசிக்காகக் குதிரை தன் இறக்கையையே அறுத்துக் கொடுத்துவிட்டுச் சாய்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பொறுமை போய்விட்டது. அன்று அழாத ஆள் இல்லை. நல்லமுத்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்ததை அவரே பார்த்தார். அப்படித் துடைத்தவன் வெளியே போய்ச் சொல்கிறான், "ஒண்ணுமே இல்ல. பேட்டரிதான் வீணாப் போச்சு."

சின்னராசா பின்னாலேயே போனார்.

"உள்ள ஒக்காந்து அழுதது யாரு நல்லமுத்து? என் வீட்டுல ஓசியில பாத்துட்டு வெளிய வந்து காறித் துப்புறியா? அவ்வளவு மட்டம்னா இனிமே வராத."

நல்லமுத்து மேட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு, சின்னராசாவின் மனைவி மீனம்மாதான் சமாதானம் சொல்லி அவனைக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். சின்னராசா முகம் கொடுக்கவில்லை.

அன்று பழனியாண்டி காய்ச்சலில் படுத்துவிட்டான். கம்பைப் பிடிக்க ஆள் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லமுத்துதான் எழுந்தான்.

"நீ ஒக்காரு. ஒன் தயவு வேணாம்," என்று சின்னராசா வீம்பாக வெளியே போனார்.

"படம் நிக்குதா?"

"நிக்குது, நிக்குது!"

அவர் கைக்கும் நன்றாகவே நின்றது.

பனி மூட்டம் இறங்கியது. விரல் மரத்துப்போனது. உள்ளே ஒரே சிரிப்பு. அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் மீனம்மா விசும்புவது கேட்டது. குதிரை எழுந்ததா, செத்ததா? சின்னராசாவுக்கு மனசு கிடந்து அடித்தது. தன் வீடு, தன் டிவி, தன் பேட்டரி. படம் மட்டும் தனக்கில்லை.

நாடகம் முடிந்தது. "இப்படி ஒரு நாடகத்தப் பொறந்ததுல இருந்து பாத்ததில்ல," என்று மூக்கை உறிஞ்சியபடி ஆட்கள் கலைந்தார்கள். மேட்டுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

நல்லமுத்து மட்டும் ஏறி வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பைப் பார்த்துச் சொன்னான்:

"சுத்த மட்டம்ணே. நல்ல வேளை, நீங்க பாக்கல. இருங்க, பழனி படுத்துக் கெடக்கான். அவன்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."