முற்றுகைக் காட்சி

“ஒண்ணு கேப்பேன் சார். அதைச் செஞ்சாத்தான் கையெழுத்து.”

புரொடக்‌ஷன் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அந்த நடிகையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இயக்குநர் காதில் வாங்கவில்லை. “முதல்ல நான் சொல்றதைக் கேளும்மா. போன போர்ப் படத்துல, எதிரிப்படை நம்ம கோட்டையைச் சுத்தி வளைச்சதும் ராணியா நின்னியே. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி முட்ட, உடம்பெல்லாம் நடுங்க. தியேட்டரே அழுதுச்சு. ரெண்டாம் பாகம் முழுக்க எனக்கு அந்த வேதனைதான் வேணும். எப்படிம்மா வந்துச்சு?”

“நடிப்பும் இல்ல, மண்ணும் இல்ல சார். ஷூட்டிங் நடந்த அந்தப் பொட்டல்ல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ்கூட இல்ல. காலையிலேருந்து அடக்கிக்கிட்டு நின்னேன். இந்தத் தடவை கட்டிக் குடுங்க. நான் கேக்க வந்தது அதான்.”

இயக்குநர் மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“யோவ், இந்தப் படத்துக்கும் கட்டிடாத.”

அவள் ஒப்பந்தத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தாள்.

“ராணி வேஷத்தை நீங்களே கட்டிக்குங்க சார். காலையில ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு வந்து நில்லுங்க, நடிப்பு தானா வரும்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் வெளியே நடந்தாள்.