நடந்து காட்டு

"சாரே, இன்னும் ஒருக்கா நடந்து காட்டட்டா?" சுயம்பு கையெடுத்துக் கும்பிட்டான்.

கண்ணாடிக்காரர் ஈர மணலில் குனிந்து அவன் காலடியை நாடாவால் அளந்தார். "நிக்கும்போ வளைவு உண்டு. நடந்தா காணல்ல. தட்டை. அந்தப் பக்கம் போ."

சுயம்பு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனான். அங்கே ஏற்கெனவே ரெண்டு தட்டைக்காலன்கள் குத்தவைத்திருந்தார்கள்.

வரிசையில் நின்ற நேசையன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். பனச்சமூடு சந்தையில் வாழைக்குலை விற்க வந்தவன் அவன். காக்கியைக் கண்டதும் சட்டென்று திரும்பினான், அதுதான் வினை. "எங்கடே ஓடுதே? வரியில நில்லு" என்று ஏட்டு கிருஷ்ணன்குட்டி பிடித்து நிறுத்திவிட்டார்.

தெக்குத் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் போஸ்டரை முந்தாநாள் போலீஸ் அவுட்போஸ்ட் சுவரில் ஒட்டியது நேசையன்தான். இறங்கும்போது படியில் அன்று பூசிய சிமெண்ட். அவன் பாதம் தோசைக்கல் மாதிரி ஓர் இடம் விடாமல் பதிந்துவிட்டது. இனி எல்லை எந்தப் பக்கம் போனாலும் சரி, பிடிபட்டால் அவன் எலும்பு இருக்கிற இடத்தில் இருக்காது.

பின்னால் நின்ற மோகனன் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, முகத்துக்குப் பவுடரும் போட்டிருந்தான். விசாரணைக்கு வருகிறவன் இப்படியா வருவான் என்று நேசையனுக்கு எரிச்சல்.

"என்னடே விறைக்கே? எனக்க காலு கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும். எனக்கு ஒரு பயமும் இல்ல. உனக்க காலு எப்படி மக்கா?"

"எனக்க காலு எனக்குத் தெரியும். நீ சும்மா நில்லுலே."

முன்னால் ஒவ்வொருத்தனாக நடந்தார்கள். ஒருத்தன் பாதம் நடுவில் நூலாக மெலிந்து பதிந்தது. இன்னொருத்தனுக்குக் குதிகாலுக்கும் விரலுக்கும் இடையில் ஒன்றுமே பதியவில்லை. இவர்களை மட்டும் கண்ணாடிக்காரர் முதுகில் தட்டி பெஞ்சில் உட்காரவைத்தார்; கட்டன்சாயாகூட வந்தது. குற்றமில்லாதவனுக்குச் சாயா. நல்ல நியாயம்தான்.

"அடுத்த ஆள்."

நேசையன் வாளியில் காலை நனைத்தான். விரல்களை உள்ளே மடக்கி, பாரத்தையெல்லாம் பாதத்தின் வெளியோரத்தில் போட்டு, முள்ளுக்காட்டைத் தாண்டுகிறவன் மாதிரி நடந்தான். கணுக்கால் கடுத்தது. மனசுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டான். சபையில்கூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இது என்ன நடைடே?"

"எங்க குடும்ப நடையாக்கும் சாரே. எனக்க அப்பனும் இப்படித்தான்."

மணலில் ரெண்டு பிறைகள் கிடந்தன. கண்ணாடிக்காரர் அளந்து பார்த்து நிமிர்ந்தார். "கொள்ளாம்! காலம்பற முதல் இப்படி ஒரு வளைவு பாக்கல்ல."

நேசையனுக்குப் போன உயிர் வந்தது. புளியமரத்தடியைப் பார்த்தான். தனக்கு விழவேண்டிய அடியை அந்த மூணு பேரும் வாங்கப்போகிறார்கள். போகட்டும், பங்கு வைத்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்.

"அப்போ நான் வாறேன் ஏட்டே. குலை வாடிப்போவும்."

"எங்க போறே?" கிருஷ்ணன்குட்டி மடித்த காக்கி நிக்கரையும் ஒரு தொப்பியையும் அவன் கையில் வைத்தார். "தட்டைக்காலன் போலீசுக்கு ஆவமாட்டான். அவனுவள வீட்டுக்குப் போவச் சொல்லியாச்சு. உன்ன எடுத்தாச்சு."

நேசையன் நிக்கரை ஏட்டிடமே திருப்பி நீட்டினான். ஏட்டு அவன் தோளில் கை போட்டார்.

"நாளைக்கு உனக்க மொத ஜோலி, படியில சிமெண்டச் சவுட்டுனவனப் பிடிக்கியதாக்கும்."