அரை ஜாண் அலை

"மாப்ள, எழுதி வெச்சுக்கோ. நீ பாட்டை நிறுத்தினா, இந்த ஊர்லயே அது முதல்ல கேக்கப் போறது என் சம்சாரத்துக்குத்தான்!"

முருகையன் சொன்னதைக் கேட்டு மைக்செட் பூவரசன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த மல்லாட்டைக் கடலை தெறித்தது.

"முனியம்மா அத்தைக்கா? காணும் பொங்கலும் அதுவுமா காலைலயே ஆரம்பிச்சிட்டீங்களா மாமா?"

"மியூசிக்கல் சேருக்கு அவ பேரை எழுதுடா."

"வேணாம் மாமா. பாவம், எல்லாரும் சிரிப்பாங்க."

"பாவம் கீவம்னு அவ எதிர்ல சொல்லிடாத, பேஜாராயிடும். பன்னெண்டு வருஷமா ஓரமா குந்திக்கினு கை தட்டிக்கினு இருக்கா. இந்த வருஷமும் சேத்துக்கலன்னா இனிமே திடல் பக்கமே வரமாட்டாளாம்."

முருகையன் முப்பது வருடம் திண்டிவனத்தில் போலீஸ் வயர்லெஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை எடுத்து, பூவரசனின் ஆம்ப்ளிஃபயரில் செருகினார்.

"இன்னா மாமா இது?"

"புதுசு. இதோட ஜோடி உங்க அத்தைகிட்ட இருக்கு. உன் குழாய் ஸ்பீக்கர் எங்க கட்டியிருக்க? தண்ணி டேங்க் மேல. நூறு மீட்டர். அங்கேர்ந்து சத்தம் மாட்டு வண்டி கணக்கா ஆடி அசைஞ்சு வரும். இது அனுப்பறது ரேடியோ அலை. செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர்! திண்டிவனத்துல நான் தும்மினா, பக்கத்து நாற்காலி ஏட்டு திரும்பறதுக்குள்ள விழுப்புரத்துல 'ஆயுசு நூறு'ன்னுடுவாங்க!"

"அம்மாம் பெரிய அலையா?"

"அரை ஜாண் நீளம்தான்."

"இத்தினியூண்டு அலை எப்படி மாமா ஜல்தியா வரும்?"

"நானும் உங்க அத்தையும் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கறதைப் பாத்திருக்க இல்ல? நான் ஒரு அடி வெச்சா அவ மூணு அடி வைப்பா. ஒண்ணாத்தானே போய்ச் சேர்றோம்? அலையும் அப்படித்தான். நீளம் குறைஞ்சா எண்ணிக்கை ஏறும், வேகம் மாறாது. இது செகண்டுக்கு இருநூத்து நாப்பது கோடி தரம் துடிக்குது. அரை ஜாணால பெருக்கிப் பாரு, மூணு லட்சம் வரும்!"

"இந்தப் புளுகுக்கு இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் கட்டணும் மாமா" என்றபடி, ஆளை விட்டால் போதுமென்று பூவரசன் பெயரை எழுதிக்கொண்டான்.

போட்டி தொடங்கியது. பன்னிரண்டு பெண்கள், பதினொரு நாற்காலிகள். ஒவ்வொரு தடவையும் பாட்டு நின்றதும், மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் அறுபது வயது முனியம்மாள் வெற்றிலை போட வந்தவர்போல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரே நாற்காலி. எதிரே கலைப்பிரியா. போன மாதம்தான் விழுப்புரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கல்லூரியில் ஓட்டப் பந்தயக்காரி.

பூவரசன் முதுகைக் காட்டிக்கொண்டு, பாட்டைப் பாதி வரியில் வெடுக்கென்று நிறுத்தினான். திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் முனியம்மாள்!

விசில் பறந்தது. கலைப்பிரியா விடவில்லை.

"அண்ணே, கள்ளாட்டம்! அவங்க காதுல ப்ளூடூத் மாட்டியிருக்காங்க. அதைக் கழட்டிட்டு ஆடச் சொல்லுங்க!"

முனியம்மாளின் கை மெல்லக் காதுக்குப் போனது.

பூவரசன் மைக்கை எடுத்தான்.

"அதைக் கழட்டிட்டா அவங்களுக்குப் பாட்டும் கேக்காது, நீ போடற சண்டையும் கேக்காது தாயி. அது காது மிஷினு. மாமா செருகின டப்பாவுலேர்ந்து பாட்டு நேரா அதுக்குத்தான் போவுது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல ரெண்டு காதும் போனவங்க எங்க அத்தை... மாமா சொன்னப்ப நான் நம்பல. இப்ப நானே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னிக்கு இந்தத் திடல்ல எல்லாருக்கும் முன்னாடி கேட்டது அவங்களுக்குத்தான்!"