நடிகையின் தூக்கம்

"அந்த நடிகை தூங்கறப்போ பாதிக் கண்ணு திறந்திருக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

டி.வி.யில் கார்ட்டூன் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'கதை, வசனம்' என்று கணவனின் பெயர் வரும் இடத்தில் அவள் வழக்கமாகக் கை தட்டுவாள். இன்று ரிமோட்டை எடுத்துப் பட்டென்று அணைத்தாள்.

"கதைதானேம்மா..." என்றபடி அவன் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"கதையா? நீங்களா?"

கேட்டது நியாயம்தான். நாடே விழுந்து விழுந்து சிரிக்கும் அந்தக் கார்ட்டூன் தொடரை எழுதுகிறவனுக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. கண்ணால் பார்த்தால்தான் எழுத வரும். தொடரில் விருந்தாளி போனதும் ஸ்பூனை எண்ணிப் பார்க்கும் மாடி வீட்டு அம்மா, இவளுடைய அம்மா. சீப்பைப் பிடித்துக்கொண்டு பாடும் தடியன், இவளுடைய தம்பி. சொந்தபந்தம் இப்படிச் சந்தி சிரித்ததைப் பார்த்து, "என்னை மட்டும் எழுதினீங்க, நடக்கறதே வேற" என்று அவள் முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தாள்.

இந்த வாரக் கதையில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுக்கும் பெரிய நடிகை ஒருத்திக்கும் காதல். அவளைப் பார்க்க ஊரே வாசலில் முட்டி மோதுகிறது. உள்ளே அவளோ பாதிக் கண் திறந்தபடி தூங்குகிறாள். பல்லை நறநறவென்று கடிக்கிறாள். தூக்கத்திலேயே கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். மெக்கானிக் விடிய விடிய அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்தில்தான் இவள் திரும்பிக் கணவனை முறைத்தாள்.

"போன மாசம் நிஜ நடிகை ஒருத்தி இதுக்குக் குரல் குடுக்க வந்தாளே. அந்த வாரம் பூரா நீங்க லேட்டாத்தான் வந்தீங்க."

"ஐயோ, அவங்க ஸ்டுடியோவுக்கு வந்து பேசிட்டுப் போனாங்க. அங்க வந்து யாராவது தூங்குவாங்களா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அங்க தூங்கலன்னா எங்க தூங்கினா?"



அவள் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறவள். பொழுது விடிந்தால் மனிதர்களின் உள்ளே இருப்பதைப் பார்ப்பதுதான் பிழைப்பு. கட்டிய புருஷனின் உள்ளே இருப்பது மட்டும் தெரியாமல் போய்விட்டதே என்று அவள் நொந்துகொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. நிஜமா ஒருத்தியைப் பார்த்துத்தானே எழுதினீங்க?"

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கற்பனை வேண்டுமே. அவன் தலையாட்டினான். "ஆமா."

"யாரு அவ?"

"வேணாம்மா. சொன்னா நீ தாங்க மாட்டே."

"பிடிச்சிருக்கா அவளை?"

"பிடிக்காமலா எழுதுவேன்?" என்றவன், அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "இரு, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

அவள் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். பாதி விக்கலும் பாதிப் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இனிமே இந்த வீட்டுல இருக்க மாட்டேம்மா. அங்க எனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வை."

ஸ்பூன் விவகாரத்தில் மருமகன் மேல் அம்மாவுக்கு இருந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. "உடனே கிளம்பி வாடி, தங்கம். ஊர் சிரிக்க நம்மளை எழுதினவர்தானே, எழுதட்டும், தனியா உக்காந்து எழுதட்டும். அது சரி, அந்த மகாராணி எப்படித் தூங்குவாளாம்?"

"பாதிக் கண்ணைத் திறந்துட்டே தூங்குவாளாம்."

"ம்."

"பல்லை நறநறன்னு கடிப்பாளாம்."

"என்னது, பல்லையா?"

"நடுவுல கெக்கெக்கேன்னு சிரிப்பாளாம்மா! அந்தக் கண்றாவியைப் போய் கண்கொட்டாம ரசிச்சிருக்காரு!"

அம்மா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள்.

"ரூமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பேசாம அங்கேயே இரு. தொட்டில்ல கிடந்த நாள்லேருந்து நீ அப்படித்தான்டி தூங்கறே! கேட்டா மனசு நோகுமேன்னு வீட்டுல ஒருத்தரும் உன்கிட்ட சொல்லல."

'அப்பாடா!' என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டி, "வெளிய வாங்க, நடிகை கூப்பிடறா" என்றாள்.