பெரிய எழுத்து

மூன்றாவது மனுவும் சிவப்பு மையோடு திரும்பி வந்திருந்தது.

அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பதினான்காம் எண் நாயைத் தூக்கிக்கொண்டு அவள் கடைசி அறைக்குள் நுழைந்தாள்.

மருந்துச் சோதனை முடிந்துவிட்டது. சோதனை முடிந்தால் நாய்களையும் முடித்துவிடுவார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டால் மட்டும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

இரண்டு வருஷமாக ஒன்பது நாய்களுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவியவள் அவள். கேட்டது ஒரே ஒரு நாய்.

மனு இங்கிலீஷில்தான் போக வேண்டும். முதல் மனுவில் 'டாக்' என்பதை மரியாதையாக இருக்கட்டுமே என்று பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள். அதிகாரி அதைச் சுழித்து, பொதுப்பெயருக்குச் சின்ன எழுத்துப் போதும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார்.

சரி, நாய் என்றால்தானே இளக்காரம், ஜாதியைப் போடுவோம் என்று இரண்டாவதில் 'பீகிள்' என்று எழுதினாள். அதற்கும் பெரிய எழுத்து. ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ ஒட்டியிருந்தால்தான் ஜாதிப்பெயரில் பெரிய எழுத்து வரும், பீகிளுக்கு வராது என்று மறுபடி சிவப்பு.

வீடு பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்ட கதைதான். உயிரைக் கேட்டால் இந்த மனுஷன் எழுத்தைப் பார்க்கிறான் என்று கூண்டுகளுக்கு நடுவில் நின்று திட்டித் தீர்த்தாள்.

இந்த முறை எல்லா நாயின் உள்ளுறுப்புகளும் பரிசோதனைக்கு வேண்டும், ஒன்றையும் வெளியே விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்திருப்பதாக ஒரு பேச்சு இருந்தது. அவள் நம்பவில்லை. கொடுக்க மனமில்லாதவன் ஆயிரம் காரணம் சொல்வான்.

மூன்றாவதில் பெயரையே எழுதினாள். பவளம். மற்ற எட்டுக்கும் அவள் பெயர் வைக்கவில்லை, வைத்தால் மனசு தாங்காது. பெயருக்குப் பெரிய எழுத்து உண்டு, அதை யாரும் அடிக்க முடியாது என்று நினைத்தாள்.

அவர் எழுத்தை அடிக்கவில்லை. பெயரையே அடித்து, இங்கே விலங்குகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும் என்று எழுதியிருந்தார்.

இப்போது எவர்சில்வர் மேசைக்கு அந்தப் பக்கம் ஊசியோடு நின்றார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு.

“சார், தப்பில்லாம இன்னொண்ணு எழுதித் தரேன். அரை மணி நேரம் குடுங்க.”

அவர் மேசையைக் காட்டினார். அவள் நாயை இறக்கினாள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

நாய் வெடவெடவென்று நடுங்கியது. பவளம், பவளம் என்று கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அது காதை மட்டும் அசைத்தது. நடுக்கம் நிற்கவில்லை.

அதிகாரி ஒரு கையுறையைக் கழற்றினார். குனிந்து அதன் நெற்றியில் வெறுங்கையை வைத்தார்.

“செல்லி... ஒண்ணுமில்லடி. நான்தான்.”

நாய் அவர் பக்கம் திரும்பியது. வால் மேசையில் படபடவென்று அடித்தது. ஊசி இறங்கும்போதும் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த மனுவைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று மனுவிலும் அவள் எழுதியதைத்தான் அவர் திருத்தியிருந்தார். முடியாது என்று ஒன்றில்கூட எழுதவில்லை.

வால் அடங்கிய பிறகு அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, அடுத்ததைக் கொண்டுவரச் சொன்னார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. முகம் மட்டும் சுவர்ப் பக்கம்.

கதவு வரை போனவள் நின்றாள்.

“அடுத்ததுக்கு என்ன பேரு சார்?”

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, கூண்டு வரிசை மாறாமல், மீதி எட்டுப் பெயர்களையும் சொன்னார்.