மூலைக்கு இழுத்த புள்ளி

உயிரணுவுக்குள் எந்தப் புரதம் எதோடு சேர்கிறது என்பதைப் புள்ளியும் கோடுமாக வரைந்து காட்டும் நிரல் ஒன்றைக் கணிதப் பேராசிரியை நீலவேணி எழுதியிருந்தாள். சோதித்துப் பார்க்க, புரதங்களுக்குப் பதிலாகத் தன் கைப்பேசியின் குறுஞ்செய்திகளைக் கொடுத்தாள். பெயரோடு ஆளுக்கொரு புள்ளி வந்தது. அதிகம் பேசியவர்களை அவளுடைய புள்ளி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது. எல்லோரையும் விட நெருக்கமாக நின்றவன் ஜோயல், அவளோடு ஆய்வு செய்யும் உயிரியல்காரன். அவள் காப்பி போட எழுந்து போனதும் கணவன் கதிரேசன் மவுஸைப் பிடித்தான். ஜோயலைத் திரையின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டான். விரலை எடுத்ததும் ஜோயல் வழுக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டான். மறுபடி இழுத்தான், மறுபடி வந்தான். கதிரேசனுக்குக் காதெல்லாம் சுட்டது. "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிக் கேட்டான். "ஓரமா எங்கயாவது இருப்பீங்க. ஒரே வீட்டுல இருக்கறவங்க எதுக்கு மெசேஜ் அனுப்பிக்கணும்?" என்றாள் அவள். தேடிக் கண்டுபிடித்தான். மயிரிழை போல ஒரு கோடு அவனை அவளோடு சேர்த்திருந்தது. தன் புள்ளியை அழுத்திப் பிடித்து அதே மூலைக்கு இழுத்துப் போனான். கோடு நீண்டுகொண்டே வந்தது. நீலவேணி காப்பியோடு பின்னால் வந்து நின்றாள். "கையை எடுங்க, தானா வந்துடும்" என்றாள். காப்பியில் ஆடை படிந்தது. கதிரேசன் விரலை எடுக்கவில்லை.