பெஞ்சுக்கு ஒரு ஆள்

ஏட்டு கோவிந்தப்பன் ஆரோக்கியநாதனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது போன சுதந்திர தினத்தன்று, ஸ்டேஷன் பெஞ்சில்.

ஆரோக்கியநாதன் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டில் சிவப்பு அட்டைப் புத்தகம் நாலு கிடைத்தது. கேஸ் நிற்கவில்லை. தீவிரவாதிப் பட்டியலில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும், முன்னெச்சரிக்கையாக அவரைப் பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். அவரே குளித்துவிட்டு, டிபன் பாக்ஸோடு வந்துவிடுவார்.

"ஏட்டய்யா, ஒரு அரை மணி நேரம் விடுங்க. பக்கத்து ஸ்கூல்தான். என் பொண்ணு ஃபெபா ப்ளஸ் டூல முதல் மார்க்கு. மேடைல பரிசு தர்றாங்க."

"யோவ், இன்ஸ்பெக்டர் மணிக்கொரு தடவை போன் போட்டு பெஞ்சுல ஆள் இருக்கான்னு கேக்கறாரு. என் பென்ஷன்ல கை வெக்காத."

அப்போதுதான் ஆனேக்கல் லாரி டிரைவர் நஞ்சுண்டப்பா உள்ளே வந்தார். வருஷா வருஷம் இதே நாளில் மைசூர்பாகு டப்பாவோடு ஆரோக்கியநாதனைப் பார்க்க வருவார். முதல் வருஷம் கோவிந்தப்பன் வெடிகுண்டு என்று நினைத்து அந்த டப்பாவைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

விஷயத்தைக் கேட்ட நஞ்சுண்டப்பா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பெஞ்சுக்கு ஒரு ஆள் வேணும், அஷ்டே, அவ்வளவுதானே? நீ ஓடு அண்ணா."

போன் அடித்தது.

"ஆள் இருக்கா?"

"கல்லு மாதிரி உக்காந்திருக்காருங்க சார்!"

அரை மணியில் ஆரோக்கியநாதன் சாக்லேட்டோடு திரும்பினார்.

"பரிசு குடுத்தது யாருய்யா?"

"நம்ம ஊர்த் தலைவரு ஹரீஷ்குமாரு. அது கெடக்குது விடுங்க. வாங்குனது என் பொண்ணு!"

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆரோக்கியநாதன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

இந்த வருஷமும் டப்பாவோடு வந்தார் நஞ்சுண்டப்பா.

"அவருதான் இல்லையேப்பா."

"தெரியும் சார். கால் இங்கேதான் வருது." பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

"அவரு உனக்கு என்னய்யா ஆவணும்?"

"ஆத்துத் தண்ணிக் கலாட்டால, கர்நாடகா வண்டின்னு என் லாரியைக் கொளுத்துனாங்க. நான் உள்ளே. கண்ணாடியை ஒடச்சு இழுத்து, மூணு நாள் தன் வீட்டுல ஒளிச்சு வெச்சாரு."

"கொளுத்துனவன் யாரு?"

நஞ்சுண்டப்பா ஜன்னல் வழியே ஸ்கூல் ஒலிபெருக்கியைக் காட்டினார். தீவிரவாதத்தை வேரோடு அறுக்க வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தார், கொடியேற்ற வந்த சிறப்பு விருந்தினர் ஹரீஷ்குமார்.

போன் அடித்தது. புது இன்ஸ்பெக்டர்.

"பெஞ்சுல ஆள் இருக்கா?"

"இல்லைங்க சார். மேடைல இருக்காரு."

"என்னது?"

"லைன் சரியில்லைங்க சார்!" என்று வைத்துவிட்டு, கோவிந்தப்பன் ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மேஜைமேல் இந்த வருஷப் பட்டியல் கிடந்தது. அதில் ஒரே பெயர்தான் இருந்தது: ஆரோக்கியநாதன்.